மிட்வே கப்பலில் முன்னாள் படைவீரர்களிடம் பேசியிருக்கிறீர்களா? உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

நவம்பர் 11 அமெரிக்காவில் முன்னாள் படைவீரர் நாள். போன வருடம் அன்றைக்கு சான் டியேகோவில் மிட்வே கப்பலுக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம். 1945 முதல் 1992 வரை கடற்படையில் இருந்த விமானந்தாங்கி, 2004-லிருந்து அருங்காட்சியகம். மேல்தளத்தில் நிற்கும் விமானங்களைப் பார்க்கத்தான் போனோம். ஆனால் மனதில் நின்றது கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஒரு தாத்தாதான்.

கப்பல் பெயர் தைத்த தொப்பி, கையில் தடி. என் பத்து வயது மகன் நேராகப் போய், சண்டையில் எத்தனை பேரைச் சுட்டீர்கள் என்று கேட்க வாயெடுத்தான். தோளைப் பிடித்து நிறுத்தினேன். எனக்கும் என்ன கேட்பதென்று தெரியவில்லை. "கப்பலில் உங்களுக்கு என்ன வேலை?" என்றேன். அவ்வளவுதான், முக்கால் மணி நேரம் பேசினார்.

பாய்லர் (நீராவி உண்டாக்கும் கொதிகலன்) அறையில் இருந்தவராம். அந்தக் கப்பலுக்கு 12 பாய்லர்கள். தளத்திலிருந்து விமானத்தை இழுத்து எறியும் கேட்டபல்ட் கருவி ஓடுவதும் அந்த நீராவியால்தான். மேலே விமானம் ஏறுவதும் இறங்குவதும் அவருக்கு வெறும் அதிர்வு மட்டும்தான், பல நாள் சூரியனையே பார்த்ததில்லை என்றார். மகன் "பயமாக இருந்ததா?" என்று கேட்டான். அவருக்குக் கேட்கவில்லை. அந்த இரைச்சலில் இடது காது போய்விட்டதாம். அவன் சுற்றிப் போய் வலது காதருகே நின்று திரும்பக் கேட்டான்.

குண்டுக்குப் பயப்படவில்லை, நீராவிக்குத்தான் பயந்தோம் என்றார். அந்த அழுத்தத்தில் குழாய் கசிந்தால் கண்ணுக்குத் தெரியாது, சத்தம் மட்டும் வரும். எங்கே என்று தெரியாமல் ஓர் அடி வைத்தால் ஆளையே வெட்டிவிடும். அதனால் துடைப்பக் கட்டையை முன்னால் நீட்டி, மெல்ல ஆட்டிக்கொண்டே நடப்பார்களாம். கட்டை எங்கே துண்டாகிறதோ அங்கே கசிவு. சொல்லும்போது கைத்தடியை நீட்டி அப்படியே நடந்து காட்டினார். எழுந்து நிற்கவே சிரமப்பட்டவர்!

அப்படி யாரையாவது சந்தித்திருந்தால் எழுதுங்கள்.

மறுமொழி 1

நான் என் தோழியோடும் அவள் அம்மாவோடும் போயிருந்தேன். அந்த அம்மா 1975 ஏப்ரல் கடைசியில், வியட்நாம் போரில் சைகோன் வீழ்ந்த நேரத்தில் ஹெலிகாப்டரில் மிட்வேக்கு வந்து இறங்கியவர். அப்போது சிறுமி. அந்த நாட்களில் 3,000-க்கும் மேற்பட்டவர்கள் இந்தக் கப்பலில் ஏறினார்கள். தென் வியட்நாம் விமானப்படை மேஜர் புவாங்-லி மனைவியையும் ஐந்து குழந்தைகளையும் இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானத்தில் திணித்துக்கொண்டு வந்ததும் அப்போதுதான். இறங்க இடம் கேட்டு அவர் எழுதி வீசிய சீட்டுகள் காற்றில் கடலுக்குப் போயின. கடைசியில் ஒன்று தளத்தில் விழுந்தது. கப்பலின் கேப்டன் லாரன்ஸ் சேம்பர்ஸ் ஹெலிகாப்டர்களைக் கடலில் தள்ளச் சொல்லி இடம் ஒதுக்கிக் கொடுத்தார்.

அன்று தளத்தில் வேலை பார்த்த ஒருவர் நாங்கள் போனபோது அங்கே இருந்தார். "ஒரு மாலுமி என் தம்பியைத் தூக்கிக்கொண்டு போனார்" என்றார் அம்மா. "நானும் இரண்டு மூன்று குழந்தைகளைத் தூக்கினேன்" என்றார் அவர். அவரா, வேறொருவரா என்று இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரம் கையைப் பிடித்தபடி நின்றார்கள்.

மறுமொழி 2

அமெரிக்காவுக்குப் போக முடியாதவர்கள் விசாகப்பட்டினம் கடற்கரையில் அருங்காட்சியகமாக இருக்கும் குர்சுரா நீர்மூழ்கியைப் பாருங்கள். இந்தியக் கடற்படையில் 1969-ல் சேர்ந்து 2001-ல் ஓய்வு பெற்றது. ஓய்வு பெற்ற கடற்படையினரே உள்ளே அழைத்துப் போகிறார்கள். கூட்டமாக இருந்தால் தள்ளிக்கொண்டே போய்விடுவார்கள், காத்திருந்து பேசுங்கள்.

இதைப் படித்ததும் என் மாமா ஞாபகம். 1971-ல் இந்தியாவின் பழைய விமானந்தாங்கி விக்ராந்தில் இருந்தார். அதுவும் பல வருடம் மும்பையில் அருங்காட்சியகமாக நின்றது. 2014-ல் உடைக்கக் கொடுத்தார்கள். அவரை ஒரு தடவை கூட்டிப் போகிறேன் என்று வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டே இருந்தேன். கப்பல் போன பிறகும் மாமா நான்கு வருடம் உயிரோடு இருந்தார். அதைப் பற்றி என்னிடம் கேட்கவே இல்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

மறுமொழி 3 (தொடங்கியவர்)

மாமா சொன்னது எது நினைவிருந்தாலும் எழுதுங்கள், சமையல்கட்டு விஷயமானாலும் சரி. படிக்கக் காத்திருக்கிறேன்.

மிட்வேக்குப் போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள். மதியத்துக்கு மேல் அங்கிருக்கும் முன்னாள் வீரர்கள் களைத்துவிடுகிறார்கள். அப்புறம், அந்தப் பாய்லர் தாத்தாவைப் பார்த்தால் அவருக்கு வலது பக்கமாக நின்று பேசுங்கள்.