பார்மசி பயிற்சியில் ‘கூட நின்று பார்க்கும்’ மதிப்பீடு: வேலூர்ப் பக்கமிருந்து பிரிட்டன் வந்தவர்களுக்கு

குடியாத்தம், ஆற்காடு, ஆம்பூர் பக்கமிருந்து வந்து, ஓ.எஸ்.பி.ஏ.பி. (வெளிநாட்டில் படித்த மருந்தாளர்களுக்கான பிரிட்டன் படிப்பு) முடித்து, மருந்தாளராகப் பதிவதற்கு முன் பணியிடத்தில் செய்யும் 52 வாரப் பவுண்டேஷன் பயிற்சியில் இருப்பவர்கள் அடிக்கடி கேட்பது இது: மருந்தைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்காமல் ஓரமாக நின்று பார்த்துவிட்டுப் படிவம் நிரப்புகிறார்களே, எதைப் பார்க்கிறார்கள்?

டி.ஓ.என்.சி.எஸ். என்கிற மதிப்பீடு அது; மருத்துவம் சாராத திறன்களை நேரில் பார்த்து மதிப்பிடுவது. கூட்டம் நடத்துவது, வேலையைப் பிரித்துக் கொடுப்பது, புகாரைக் கையாள்வது, புதியவருக்குச் சொல்லிக் கொடுப்பது போன்றவற்றுக்கானது. பாஸ், ஃபெயில் கிடையாது. அதனால் சுலபமான வேலையைக் காட்டாதீர்கள், தடுமாறுகிற வேலையைக் காட்டுங்கள்.

காலையில் நடக்கும் 10 நிமிடக் கூட்டம் நல்ல தேர்வு. அமிட்ரிப்டிலின் எடுக்கப் போய் அம்லோடிபின் கைக்கு வந்து, செக்கிங்கில் பிடிபட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அகர வரிசையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். “யார் எடுத்தது?” என்று தொடங்கினால் எல்லோரும் வாயை மூடிக்கொள்வார்கள். “அந்த நேரத்தில் என்னென்ன வேலை ஓடிக்கொண்டிருந்தது?” என்று கேளுங்கள். பதில் வரும்வரை பொறுங்கள். ஒரு மருந்தை வேறு தட்டுக்கு மாற்றுவது யார், எந்த நாளுக்குள் என்று முடிவு செய்து, பொறுப்பேற்றவரையே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்.

நம்மவர்கள் சறுக்குவது ஒரே இடத்தில்தான். சீனியர் டெக்னீஷியன் ஒன்று சொன்னால், உடன்பாடு இல்லாவிட்டாலும் “சரி” என்று விட்டுவிடுவது. ஊரில் அது மரியாதை. இங்கே, பொறுப்பெடுக்கத் தயங்குகிறார் என்று படிவத்தில் ஏறும். “நீங்கள் சொல்வது புரிகிறது, ஆனால் இதில் எனக்கு ஒரு கவலை இருக்கிறது” என்று ஆங்கிலத்தில் சொல்லிப் பழகுங்கள். நீங்கள் மனதுக்குள் எடுத்த முடிவை, நின்று பார்ப்பவரால் படிவத்தில் எழுத முடியாது.

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை எதிரே மருந்துக் கடையில் நின்றவர்களுக்கு ஒரு பலம் உண்டு. வங்காளத்திலிருந்து வருபவருக்கு அட்டையைக் காட்டி, விரல் மடக்கி, வேளை சொன்ன பொறுமை சாதாரணமானதல்ல. கோபமாக வருபவரிடமும் அதே பொறுமைதான் வேண்டும். குறுக்கிடாமல் முழுக்கக் கேட்டு, அவர் சொன்னதைச் சுருக்கிச் சொல்லி, அடுத்து என்ன, எப்போது என்று சொல்லுங்கள்.

ஒரு வாரம் முன்பே பார்ப்பவரிடம் நாள், வேலை, எந்தக் கற்றல் இலக்கு என்று பேசி வையுங்கள். நேரில் பார்க்காதவரிடம் படிவம் கேட்கவே கூடாது. முடிந்ததும் 10 நிமிடம் உட்கார்ந்து பேசி, அன்றைக்கே எழுதி வாங்குங்கள். தள்ளிப்போட்டால் “நன்றாகச் செய்தார்” என்ற ஒரு வரிதான் மிஞ்சும். நோயாளி பெயரோ, சக ஊழியர் பெயரோ போர்ட்ஃபோலியோவில் (உங்கள் பயிற்சிப் பதிவுத் தொகுப்பில்) வரக்கூடாது.

—

மேலே எழுதிய அண்ணன் சொன்னதோடு, நான் இன்னொன்று சேர்க்கிறேன். பார்த்தவரிடம் “எப்படி இருந்தது?” என்று கேட்டால் “குட்” என்று முடித்துவிடுவார்கள். “அடுத்த முறை எந்த ஒன்றை மாற்ற வேண்டும்?” என்று கேளுங்கள். வரும் பதிலைத் தேதி போட்டுச் செயல் திட்டத்தில் எழுதி, ஒரு மாதத்துக்குள் அதே வேலையை அதே ஆளை வைத்து மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு படிவமும் அடுத்தடுத்து இருந்தால் முன்னேற்றம் தெரியும்.