கையைக் கடிக்காமல் முதல் காம்பவுண்ட் வில்: என் அனுபவம்

நுனிகளில் சுழலும் சக்கரங்கள் கொண்ட காம்பவுண்ட் வில்லை முதல்முறை வாங்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் விட்ட பிழை ஒன்றுதான். ஆனால் நான்கு மாதப் பயிற்சி அதிலேயே வீணானது.

பழைய வில் ஒன்று மலிவாக வந்தது. பஞ்சை எடுத்து, வளையும் கைகளான இரண்டு லிம்ப்களையும் மேலும் கீழும் தடவிப் பார்த்தேன். மயிரிழை விரிசல் இருந்தால்கூடப் பஞ்சு அதில் சிக்கிக்கொள்ளும். எங்கும் சிக்கவில்லை. கேம் எனும் சக்கரத்தின் விளிம்பில் அடிபட்ட தடமும் இல்லை. நாண் மட்டும் நார் நாராகப் பிரிந்திருந்தது, அதை மாற்றிக்கொள்ளலாம் என்று வாங்கிவிட்டேன். விற்றவர் என்னைவிட ஒரு சாண் உயரம். அவர் கைக்கு வைத்த அளவு எனக்குச் சரிவருமா என்ற கேள்வி அப்போது தோன்றவே இல்லை.

சாதாரண வில்லை அவரவர் கைக்குத் தகுந்தபடி இழுத்து நிறுத்தலாம். காம்பவுண்டில் அது முடியாது. கேம் சுழன்று, இதற்கு மேல் வராது என்று ஓரிடத்தில் நிற்கும். அந்த இடத்தை வில்தான் முடிவு செய்கிறது. எனக்கு நாண் தாடையைத் தாண்டிக் காதுக்குப் பின்னால் போய் நின்றது. இடது முழங்கை விறைத்துப் பூட்டிக்கொள்ளும், விட்டதும் நாண் முன்கையை அறையும். கைக்காப்பு போட்டுப் பார்த்தேன். குறை என் பயிற்சியில்தான் என்று நினைத்து இன்னும் அதிகமாக எய்தேன். கன்றிப்போன இடம் ஆறுவதற்குள் மறுபடி அடி விழும்.

களத்துக்கு வரும் பெரியவர் ஒருவர் இரண்டு நாள் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள், "தம்பி, சுவத்துல சாஞ்சு ரெண்டு கையையும் விரிச்சு நில்லுப்பா" என்றார். ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நடுவிரல் நுனிவரை நாடா பிடித்தார். 68 அங்குலம். அதை 2.5 ஆல் வகுத்தால் 27.2, ஏறக்குறைய அதுதான் எனக்குரிய இழுவை நீளம். என் வில் 29.5 அங்குலத்தில் நின்றிருந்தது. "உன் மேல தப்பே இல்ல. இது உன் வில்லு இல்ல, அவ்வளவுதான்" என்றார். நான்கு மாதமாக யாராவது இதைச் சொல்ல மாட்டார்களா என்று காத்திருந்ததைப் போல இருந்தது.

நல்லவேளையாக அது மாடுல் (இழுவை நீளத்தை மாற்றும், கேமில் உள்ள சிறு துண்டு) நகரும் வகை. ஆலன் சாவியால் திருகுகளைத் தளர்த்தி, இரண்டு கேமிலும் ஒரே எண்ணுக்கு மாடுலை நகர்த்தி, இழுவையை நிறுத்தும் டிரா ஸ்டாப்பையும் அதே குறிக்குக் கொண்டுவந்து இறுக்கினோம். கால் மணி நேர வேலை. சில வில்களில் ஒவ்வோர் அளவுக்கும் தனி மாடுல் வாங்க வேண்டும், பழைய மாடல் என்றால் அது கிடைப்பதே அரிது. ஆகவே பழையது வாங்குவோர் விலை பேசும் முன் கேட்க வேண்டியது இதைத்தான்.

அடுத்தது எடை, அதாவது நாணை இழுக்கத் தேவைப்படும் விசை. 60 பவுண்டில் இருந்தது. 80 சதவீத லெட்-ஆஃப் (முழுதும் இழுத்ததும் குறையும் சுமை) என்பதால் முழுதும் இழுத்த பிறகு கையில் தங்குவது 12 பவுண்டுதான். அந்தச் சுகத்தில் மயங்கக் கூடாது, ஏனென்றால் நடுவில் 60-ஐத் தாண்டித்தான் அங்கே போக வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து, வில்லை இலக்குக்கு நேராகப் பிடித்தபடியே இழுக்கச் சொன்னார். என் கை தானாக வானத்தை நோக்கிப் போனது, எடை எனக்கு அதிகம் என்பதற்கு அதுவே அடையாளம். லிம்பை இறுக்கும் இரண்டு லிம்ப் போல்ட்டையும் சமமான சுற்றுகளில், கையேடு அனுமதித்த அளவுக்குள் தளர்த்தி 50-க்கு இறக்கினோம். சர்வதேசப் போட்டியிலேயே 60 பவுண்டுதான் உச்சவரம்பு, எய்வது 50 மீட்டரில். தொடங்குகிறவருக்கு 50 தாராளம்.

எடை குறைந்ததும் பழைய அம்புகள் ஒத்துவரவில்லை. அவை 340 ஸ்பைன், இப்போதைய எடைக்கு விறைப்பு அதிகம். ஸ்பைன் 400 என்றால், 28 அங்குல இடைவெளியில் தாங்கி நடுவில் 1.94 பவுண்டு தொங்கவிட்டால் அம்பு 0.400 அங்குலம் வளைகிறது என்று பொருள். எண் கூடினால் அம்பு இளகும். குறிபார்க்கும் சைட், வில்லை ஆடாமல் நிறுத்தும் ஸ்டெபிலைசருக்கு என்று ஒதுக்கிய பணத்தை நல்ல அம்புகளுக்குக் கொடுத்தேன். அதில் இன்றுவரை வருத்தமில்லை.

நாணையும், நாணில் பொருத்திக் குறிபார்க்கும் சிறு வளையமான பீப்பையும் பிரஸ் (லிம்ப்களை அழுத்திப் பிடிக்கும் கருவி) உள்ள கடையில் மாற்றினேன். வீட்டில் அதைத் தொடாதீர்கள், லிம்பில் அவ்வளவு விசை அடைந்து கிடக்கிறது. கண்ணை மூடி இழுத்து, தாடையில் ஊன்றி, பிறகு கண்ணைத் திறந்தால் பீப் நேர் எதிரே இருக்க வேண்டும். அப்படி வரும்வரை அதை மேலும் கீழும் நகர்த்தச் சொன்னேன்.

பிறகு, அம்பு நேராகப் பறக்கிறதா என்று பார்க்கச் செய்தித்தாள் சோதனை. சட்டத்தில் தாளை இழுத்து ஒட்டி, ஆறடி தள்ளி நின்று எய்தேன். முனை துளைத்த ஓட்டை கீழே, இறகு கிழித்த தடம் அதற்கு ஒன்றரை அங்குலம் மேலே. அம்பு வாலைத் தூக்கிக்கொண்டு போகிறது. அம்பைத் தாங்கும் ரெஸ்ட்டை ஒரு மில்லிமீட்டர் போல உயர்த்தினேன், கிழிசல் பாதியானது. இன்னும் ஒரு மயிரளவு. ஐந்தாவது தாளில் ஒரே ஓட்டை, அதைச் சுற்றி மூன்று இறகுக்கும் மூன்று கீறல். அந்தத் தாளை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

* * *

அண்ணா, உங்கள் பதிவில் நீங்கள் சொல்லாமல் விட்ட ஒன்றை நான் சேர்க்கிறேன். என் வில்லைப் பார்க்க வந்த நண்பனிடம் கொடுத்தேன். அம்பு வைக்காமலே இழுத்து விட்டுவிட்டான். அம்பு வாங்கிக்கொள்ள வேண்டிய விசை முழுதும் வில்லிலேயே இறங்கியது. நாண் கேமைவிட்டு எகிறியது, கேம் வளைந்தது, கீழ் லிம்ப் பிளந்தது. யாருக்கும் காயமில்லை என்பதே பெரிது. வாங்கி மூன்றாம் வாரம் அது. இப்போது யார் கையில் கொடுத்தாலும், முதலில் அம்பை மாட்டிவிட்டு, இலக்கைப் பார்த்து நிற்கவைத்துத்தான் கொடுக்கிறேன்.

* * *

என் மகளுக்காகக் காம்பவுண்ட் வில் வாங்கியவன் நான். 2028 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் காம்பவுண்ட் கலப்பு அணிப் போட்டி வருகிறது என்று கேட்டதிலிருந்து அவள் விடவில்லை. வளரும் பிள்ளை என்பதால், பிரஸ் இல்லாமலே நீளத்தையும் எடையையும் பெரிய அளவில் கூட்டிக் குறைக்கக்கூடிய வில்லாகத் தேடி வாங்கினோம். வேகம் சற்றுக் குறைவுதான். ஆனால் ஒன்றரை வருடத்தில் இரண்டு முறை அளவு மாற்றியாயிற்று, வில் அதே வில்.

கார்பன் அம்பை ஒவ்வொரு முறையும் எய்வதற்கு முன் லேசாக வளைத்துக் காதருகே வைத்துக் கேட்கப் பழக்கியிருக்கிறேன். நறுக்கென்று சிறு சத்தம் வந்தாலும் அந்த அம்பை உடைத்துப் போட்டுவிடுவாள். விரிசல் விட்ட கார்பன் விடும்போது சிதறினால், சிலாம்பு வில் பிடித்த கையில்தான் ஏறும். போன வாரம் ஒன்று அப்படிச் சத்தம் போட்டது. புதுசு, இரண்டே நாள் எய்த அம்பு. அவளே உடைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள்.