டோக்கியோவில் ஒரே நாளில் சுமோவும் பேஸ்பாலும்: போய் வந்தவர்கள் வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. செப்டம்பரில் அப்பாவோடு டோக்கியோ போகிறேன். சுமோவை நேரில் பார்க்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. அந்த மாதப் போட்டி ரியோகோகு பகுதியிலுள்ள கொகுகிகான் சுமோ அரங்கில் 15 நாள் நடக்கும்.

காலை 6 மணிக்கே திறக்கும் அசகுசா சென்சோஜி கோயிலை முதலில் பார்த்துவிட்டு, சுமிதா ஆற்றோரமாக அரங்குக்கு வருவதாகத் திட்டம். ஆட்டங்கள் காலையிலேயே தொடங்கினாலும், மல்லர்கள் உப்பை அள்ளி வீசுவதைப் பார்க்க மேல்நிலைப் பிரிவுகள் வரை காத்திருக்க வேண்டும். பிற்பகலில் முதல்நிலை வீரர்கள் இடுப்பில் வேலைப்பாடு மிகுந்த முன்துணி கட்டி வட்டமாக நிற்கும் காட்சியை அப்பா கட்டாயம் பார்க்க வேண்டும்.

சிக்கல் இருக்கையில்தான். கீழே பாக்ஸில், அதாவது தடுத்துவிட்ட சிறு சதுர இடத்தில், செருப்பைக் கழற்றிவிட்டு மெத்தையில் சம்மணமிட்டு உட்கார வேண்டும். அப்பாவுக்கு முழங்கால் வலி. மாடி நாற்காலியிலிருந்து வளையம் தெளிவாகத் தெரியுமா? எந்தப் பக்கம் நல்லது?

அப்புறம், சுமோ முடிய மாலை 6 ஆகிவிடும். டோக்கியோ டோமில் பேஸ்பாலும் ஏறக்குறைய அப்போதுதான் தொடங்கும். டோமுக்குப் பக்கத்திலுள்ள சுய்தோபாஷி, ரியோகோகுவிலிருந்து சோபு ரயிலில் நான்காவது நிலையம்தான். தாமதமாகப் போனால் உள்ளே விடுவார்களா? கூட்டத்தில் வயதானவரோடு இது சரிப்படுமா, இல்லை பேஸ்பாலை விட்டுவிட்டு, வழியில் வரும் மின்னணுக் கடைப் பகுதியான அகிஹபராவில் இறங்கிவிடலாமா?

அப்பா சுத்த சைவம். அங்கே குழம்பு, சூப்பில்கூட மீன் சாறு கலந்திருக்கும் என்பதால், ரியோகோகு பக்கம் நம்பிச் சாப்பிட இடம் தெரிந்தாலும் சொல்லுங்கள். டிக்கெட் விற்பனை தொடங்கியதும் எடுக்க வேண்டும், அதனால் இருக்கை பற்றி மட்டுமாவது சீக்கிரம் சொன்னால் பெரிய உதவி.