ஏழு வயசுப் பையன் ஒரு பக்கமாவே மெல்லுறான்: பால் பல்லுன்னு விட்டுடலாமா?

ஈரோட்டு அம்மா:
சாப்பாட்டுத் தட்டு முன்னாடி உட்கார்ந்தா எழவே மாட்டேங்கிறானுங்க. சோத்தை வலது கன்னத்துல அடக்கி வெச்சுக்கிட்டு, தண்ணியைக் குடிச்சு முழுங்குறான். இட்லி, தயிர்சாதம்னா பிரச்சினை இல்லை. முறுக்கு, கொய்யான்னா "பிடிக்கல". இடது பக்கம் கீழ்க் கடவாய்ப் பல்லுல கறுப்பா குழி தெரியுது. வலிக்குதான்னு கேட்டா இல்லைங்கிறான். "பால் பல்லுதானே, விழுந்து முளைக்கும்"னு மாமியார் சொல்றாங்க. காட்டணுமா?

கரூர் தாத்தா:
செல்லம் குடுத்துக் கெடுத்தா இப்படித்தான். கரும்பைக் கடிக்கச் சொல்லும்மா, பல்லு தன்னால உறுதியாகும்.

குழந்தைப் பல் டாக்டர், கோவை:
ஐயா, குழிப் பல்லுல கரும்பா? குழியை அடைச்ச பிறகு கடிக்கட்டும், இப்போ வேண்டாம்.

அம்மா, செல் டார்ச்சை அடிச்சு, முன்பல் நடுவுல இருந்து இடது பக்கமா எண்ணுங்க. 4-வதும் 5-வதும் பால் கடவாய்ப் பல். 6-வது நிரந்தரப் பல். ஆறு வயசு வாக்குல, எந்தப் பல்லும் விழாமலே பின்னாடி வந்து நிக்கும். அதனாலயே அதையும் பால் பல்லுன்னு நினைச்சு விட்டுடுறாங்க. குழி அதுலன்னா, விழுந்து முளைக்கிற பேச்சே இல்லை. 4, 5-ல இருந்தாலும் அது விழ 9-லிருந்து 12 வயசு ஆகும். அதுவரைக்கும் எதை வெச்சு மெல்லுவான்?

இந்த வயசுப் பிள்ளைங்க பலருக்கு வலின்னு சொல்லத் தெரியாது. சத்தமில்லாம அடுத்த பக்கத்துக்கு மாறிடுவாங்க, கடினமானதை ஒதுக்குவாங்க. மெல்லாத பக்கம் அழுக்குப் படிஞ்சு இன்னும் கெடும். இடது பக்கப் பல்லுங்க மஞ்சளா மாவு பூசினாப்ல இருக்கான்னு பாருங்க.

குழி மேலோட்டமா இருந்தா அடைச்சாப் போதும். நரம்பு வரைக்கும் போயிருந்தா வேர் சிகிச்சை பண்ணி ஸ்டீல் கேப் போடுவோம். பால் பல்லைச் சீக்கிரமே பிடுங்கிட்டா 6-வது பல் முன்னாடி சாய்ஞ்சு, கீழே இருந்து வர்ற பல்லோட இடத்தைப் பிடிச்சுக்கும். பிடுங்கியே ஆகணும்னா, இடம் காக்க ஒரு கம்பி வளையம் வேணுமான்னு கேளுங்க.

மதுரை அப்பா:
எம் பொண்ணுக்கு அந்தக் கேப் போட்டிருக்குங்க. கண்ணாடி முன்னாடி நின்னு "வெள்ளிப் பல்லு"ன்னு இளிச்சுக் காட்டுறா! ஆனா வலி போனதும் பழக்கம் உடனே போகல. அந்தப் பக்கம் அப்பளம் வெச்சு, "சத்தம் கேக்குதா பாப்போம்"னு விளையாட்டாத்தான் மாத்தினோம். தனியார்ல செலவு கூடுதல்னா அரசுத் தலைமை மருத்துவமனைப் பல் பிரிவுல முதல்ல காட்டுங்க.

ஈரோட்டு அம்மா:
எண்ணிப் பார்த்தேங்க டாக்டர், குழி 5-வதுல. பின்னாடி 6-வது பாதிதான் வெளிய வந்திருக்கு, மேல ஈறு மூடிக் கிடக்கு. மாவு மாதிரியும் இருக்கு.

குழந்தைப் பல் டாக்டர், கோவை:
பாதி முளைச்ச பல் மத்த பல்லை விடத் தாழ்வா இருக்கும், நேரா தேய்ச்சா பிரஷ் எட்டாது. கன்னத்துப் பக்கமிருந்து பிரஷைக் குறுக்கா வெச்சு நீங்களே தேய்ச்சு விடுங்க. 5-வதுக்கு இந்த வாரமே காட்டுங்க. அப்படியே 6-வது முழுசா வந்ததும் அதோட பள்ளங்களுக்கு சீலன்ட் (குழி விழாம பள்ளத்தை மூடுற பூச்சு) பூசணும்னு சொல்லி வைங்க.