காஞ்சிப் பட்டு சூழலுக்கு உகந்த உடையா?

சேலைப்பிரியை:
நான்கு சலவைக்குள் வெளுத்துப்போகும் ஆயத்த ஆடைகளை வாங்கிக் குவிக்கும் பழக்கத்துக்கு மாற்று, காஞ்சிபுரம் கைத்தறிப் பட்டுதான் என்பது என் கருத்து. தறிக்கு மின்சாரம் வேண்டாம். அம்மாவின் கூறைப்புடவையை மகளும் கட்டுகிறாள்.

நொய்யல் கரை:
கணக்கைத் தறியிலிருந்து தொடங்கினால் பாதிக் கதை விடுபட்டுப்போகும். கச்சாப் பட்டின் பசை நீங்க, அதைக் கொதிநீரில் வேகவைக்கிறார்கள். எடையில் ஏறக்குறையக் கால் பங்கு அந்த நீரோடு கழிகிறது. பிறகு சாயம், அதுவும் இன்று பெரும்பாலும் செயற்கைச் சாயம். திருப்பூர்ச் சாயக்கழிவால் ஒரத்துப்பாளையம் அணை கழிவுநீர்த் தேக்கமானதையும், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதையும் பார்த்த நாம், கைத்தறி என்ற பெயருக்காக மட்டும் சாயநீரை மன்னித்துவிடலாமா?

பிள்ளையார்பாளையத்தான்:
சாயநீரைச் சுத்திகரிக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை, ஐயா. ஆனால் டன் கணக்கில் துணி நனையும் ஊரையும் எங்கள் ஊரையும் ஒரே தராசில் நிறுத்துவது முறையல்ல. கோர்வைப் புடவையையே எடுத்துக்கொள்ளுங்கள். உடலுக்கு ஒரு நிறம், இரு கரைகளுக்கும் வேறு நிறம் என்பதால் குறுக்கு இழையை, அதாவது ஊடையை, ஏந்திச் செல்லும் நாடாக்கள் மூன்று ஓட வேண்டும். ஒவ்வோர் ஊடையிலும் கரை இழையும் உடல் இழையும் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும்படி கோத்து வாங்க வேண்டும். தறிக்காரர் ஒருவரால் இது ஆகாது, கரை நாடாவைப் போட இன்னோர் ஆள் பக்கத்தில் உட்கார வேண்டும். இந்த வேகத்தில் யாரால் தேவைக்கு மேல் நெய்து குவிக்க முடியும்? சில ரகங்களைக் கைத்தறிக்கென்றே ஒதுக்கிய 1985ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தும், விசைத்தறிப் புடவை கைத்தறி என்ற பெயரில் விலைபோகிறதே, அதைப் பற்றியல்லவா முதலில் பேச வேண்டும்?

நொய்யல் கரை:
அந்த மோசடியை நானும் கண்டிக்கிறேன். ஆனால் மெதுவாக நெய்வதை நாம் மெச்சும்போது, உதவியாளுக்கும் சேர்த்து ஒரே கூலியைப் பங்கிடும் குடும்பத்தை மறந்துவிடுகிறோம். கூலி கட்டாததால்தான் கோர்வையை விட்டுப் பலர் எளிய கரைக்கு மாறுகிறார்கள். மேலும், ஆண்டுக்கு இருமுறை பீரோவிலிருந்து வெளிவரும் பட்டு, தினமும் உடுத்தும் மலிவு ஆடைக்கு எப்படி மாற்றாகும்? அந்த இடத்துக்குக் கைத்தறிப் பருத்தியைச் சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன்.

சேலைப்பிரியை:
தினசரி உடைக்குப் பருத்திதான், சரி. ஆனாலும் அசல் வெள்ளிச் சரிகை போட்ட பழம்புடவையை, கிழிந்த பிறகும் வெள்ளிக்காக எடைபோட்டு வாங்க ஆள் வருகிறது. பாலியெஸ்டர் புடவையை வாங்க யார் வருகிறார்கள்?