பதினோரு நாள் லீவு, முதல் இமயமலை ட்ரெக்: எவரெஸ்ட் பேஸ் கேம்ப் சரிவருமா?

கோவை_பிரபு:

எல்லோருக்கும் வணக்கம். ஆயுத பூஜையை ஒட்டி எனக்கும் மனைவிக்கும் சேர்ந்தாற்போல லீவு கிடைக்கிறது. சனி ஞாயிறுகளையும் சேர்த்தால் பதினோரு நாள். கோவையில் கிளம்பி கோவையில் வந்து இறங்குவது வரை எல்லாம் அதற்குள் முடிய வேண்டும். நேபாளம் போய் பனிமலையைப் பக்கத்தில் நின்று பார்த்துவிட வேண்டும் என்பது இருவருக்கும் ரொம்ப நாள் ஆசை.

எனக்கு 38 வயது. வாரத்தில் மூன்று நாள் ரேஸ்கோர்ஸில் ஓடுகிறேன். வெள்ளியங்கிரி வருடா வருடம் போகிறேன், மூச்சு வாங்குவதில்லை. மனைவிக்கு 36. ஏறுவதில் பிரச்சினை இல்லை, இறங்கும்போது வலது முட்டி பிடித்துக்கொள்கிறது. பர்வதமலையில் இறங்கும்போது பாதி தூரம் பக்கவாட்டாகத்தான் இறங்கினார்.

ஒரு டிராவல்ஸில் "எட்டு நாளில் எவரெஸ்ட் பேஸ் கேம்ப், திரும்ப ஹெலிகாப்டர்" என்று ஒரு பேக்கேஜ் சொல்கிறார்கள். ஹெலிகாப்டர் என்றால் முட்டிக்கும் நல்லது, நாளும் மிச்சம். போகலாமா? இல்லை அன்னபூர்ணா பக்கம் யோசிக்கட்டுமா?


திருச்சி_ரைடர்:

தாராளமாகப் போங்க ப்ரோ. வெள்ளியங்கிரி ஏறுகிற ஆளுக்கு இதெல்லாம் ஒன்றுமே இல்லை. உயரத்தில் வரும் நோய்க்கு டயமாக்ஸ் மாத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், போதும். நான் லடாக்கில் கார்துங் லா கணவாய் வரை பைக்கில் போனேன், 5359 மீட்டர். பேஸ் கேம்ப் 5364. ஐந்து மீட்டர்தான் வித்தியாசம்! எனக்குத் தலைவலி கூட வரவில்லை.


மேகமலை_மைனா:

ரைடர் தம்பி, கார்துங் லாவில் எவ்வளவு நேரம் நின்றீர்கள்? போட்டோ எடுத்து, டீ குடித்து, அரைமணி நேரம் இருக்குமா? ராத்திரி எங்கே படுத்தீர்கள்? லே சுமார் 3500 மீட்டர், நுப்ரா அதைவிடத் தாழ்வு. பேஸ் கேம்ப் போகிறவர் படுப்பது கோரக் ஷெப்பில், கிட்டத்தட்ட 5160 மீட்டரில். உயரம் எல்லோர் வாயிலும் வரும், எந்த உயரத்தில் தூங்குகிறோம் என்பதை மட்டும் யாரும் பேசுவதில்லை. ட்ரெக் எதையாவது தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால் நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

பிரபு தம்பி, இப்போது உங்கள் பேக்கேஜ். 3000 மீட்டரைத் தாண்டிய பிறகு, ஒரு ராத்திரிக்கும் அடுத்த ராத்திரிக்கும் படுக்கும் உயரம் 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒரு முறை அதே ஊரில் இன்னொரு ராத்திரி தங்க வேண்டும் என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. அதன்படி விமானத்தில் லுக்லாவில் இறங்கினால் ஃபக்திங், நாம்சேயில் இரண்டு ராத்திரி, டெங்போசே, டிங்போசேயில் இரண்டு ராத்திரி, லோபுசே, அப்புறம் கோரக் ஷெப். ஏறுவதற்கு மட்டுமே எட்டு நாள் ஆகிவிடும். ஹெலிகாப்டர் மிச்சம் பிடித்துத் தருவது இறங்கும் நாள்களை. உங்களுக்குத் தட்டுப்பாடு ஏறும் நாள்களில். காத்மாண்டு, லுக்லா எல்லாம் சேர்த்து எட்டு நாளில் முடிக்கிறேன் என்று ஒருவர் சொன்னால், நாம்சேயிலும் டிங்போசேயிலும் நீங்கள் சும்மா இருக்க வேண்டிய நாள்களைத்தான் வெட்டியிருக்கிறார். "சும்மா இருக்கிற நாளுக்கு எதற்குக் காசு" என்று வாடிக்கையாளரே கேட்பார், அவர்களும் வெட்டிவிடுவார்கள்.

லோபுசேயில் ஒரு லாட்ஜில் இப்படி வந்த ஒரு கூட்டத்தோடு நான் தங்கியிருக்கிறேன். சாப்பாட்டுக்கூடத்தின் நடுவே யாக் சாண வறட்டி எரியும் அடுப்பு, சுற்றி எல்லோரும் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். ஒரு பையன் மட்டும் பெஞ்சு ஓரத்தில் பூண்டு சூப்பை முன்னால் வைத்துக்கொண்டு, அதில் ஆடை படிகிற வரை பார்த்தபடியே உட்கார்ந்திருந்தான். முதல் நாள் அவன்தான் எல்லோருக்கும் முன்னால் நடந்தவனாம், நல்ல ஓட்டக்காரன். என்னோடு வந்த கைடு அவனை எழுப்பி, தரைப் பலகையின் இடுக்கைக் காட்டி, "இந்தக் கோட்டின் மேல் குதிகாலும் விரலும் தொடுகிற மாதிரி நட" என்றார். மூன்றாவது அடியில் சுவரைப் பிடித்துக்கொண்டான். மூளையில் நீர் கோத்துக்கொள்வதற்கு அது ஒரு அடையாளம். உடனே இருவர் தோள் கொடுத்து, நெற்றி விளக்கு வெளிச்சத்தில் பெரிச்சே மருத்துவ முகாமுக்கு இறக்கிக்கொண்டு போனார்கள். இறங்க இறங்கத் தெளிந்துவிட்டான் என்று மறுநாள் தகவல் வந்தது. அந்தப் பேக்கேஜ்காரர் பெயரைச் சொல்லப் போவதில்லை, அப்படி நிறைய பேர் இருக்கிறார்கள்.

ஓட்டப் பயிற்சி காலுக்கும் நெஞ்சுக்கும் உதவும். உயர நோய்க்கு அது காப்பு கிடையாது. சொல்லப்போனால் நன்றாக ஓடுகிறவர்கள் வேகமாக ஏறி அதிகம் மாட்டுகிறார்கள். வெள்ளியங்கிரியை நான் குறைத்துச் சொல்லவில்லை, இரவில் அந்தப் படியேறுவது லேசான காரியமில்லை. ஆனால் தென்னிந்தியாவிலேயே பெரிய ஆனைமுடியே 2695 மீட்டர்தான். அதற்கு மேல் உங்கள் உடம்பு என்ன செய்யும் என்பதை இங்கே இருந்தபடி யாராலும் சொல்ல முடியாது. அதனால் முதல் தடவை, ஏதாவது ஒன்று என்றால் அன்றைக்கே நடந்து இறங்கிவிடக்கூடிய இடமாகப் பார்த்துப் போங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பேஸ் கேம்பில் நின்றால் எவரெஸ்ட் உச்சி தெரியாது, அதற்குக் காலா பத்தர் என்ற மேட்டில் ஏற வேண்டும். சிகரம் ஏறுகிறவர்களின் கூடாரங்கள் இருப்பது ஏப்ரல், மே மாதங்களில். அக்டோபரில் போனால் கல்லும் பனிக்கட்டியும்தான். பெயருக்காகப் போவதென்றால் போகலாம், ஆனால் அதற்கு இரண்டு வாரம் லீவு எடுத்துக்கொண்டு போங்கள்.


கோவை_பிரபு:

அக்கா, ரொம்ப நன்றி. பேக்கேஜ்காரரிடம் நாம்சேயில் எத்தனை ராத்திரி என்று கேட்டேன். "ஒன்றே போதும் சார், நீங்கள் ஃபிட்டாக இருக்கிறீர்கள்" என்றார்! அதோடு அதை விட்டுவிட்டேன்.

அப்போது அன்னபூர்ணா பேஸ் கேம்ப்? 4130 மீட்டர்தான் என்கிறார்கள். மனைவிக்கு அந்தப் பக்கம் இருக்கிற பொக்ராவையும் பார்க்க வேண்டும்.


டார்ஜிலிங்_டீ:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். நேபாளம்தான் என்று பிடிவாதம் இல்லையென்றால் எங்கள் டார்ஜிலிங் பக்கம் சந்தக்பூ பாருங்கள். 3636 மீட்டர். நான்கைந்து நாள் நடை. கஞ்சன்ஜங்கா முழுசாக எதிரில் நிற்கும், வானம் நன்றாக இருந்தால் எவரெஸ்ட்டும் தெரியும். உச்சி வரை ஜீப் பாதை இருக்கிறது, முட்டி மக்கர் செய்தால் ஜீப்பில் இறங்கிவிடலாம். அந்த ஜீப் புழுதியே சில பேருக்குப் பிடிக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.


மேகமலை_மைனா:

டார்ஜிலிங் சொல்வது நல்ல யோசனை. ஆனால் அங்கே மலை தூரத்தில் வரிசையாக நிற்கும். தம்பி கேட்டது பக்கத்தில்.

அன்னபூர்ணா பேஸ் கேம்ப் அருமையான இடம், சுற்றிலும் மலைச்சுவர், நடுவில் நாம். நாளும் பத்தும். ஆனால் அது படிக்கட்டு ட்ரெக். சோம்ரோங்கில் இருந்து ஆற்றுக்குக் கல்படியில் இறங்கி, மறுபடி சினுவாவுக்கு ஏற வேண்டும், திரும்பும்போதும் அதே கதை. கீழே ஜினுவுக்கு இறங்குவதும் செங்குத்து. பர்வதமலையில் பக்கவாட்டாக இறங்கிய முட்டியை அங்கே கொண்டுபோவது எனக்குச் சரியாகப் படவில்லை. பொக்ராவை வேறொரு வருடம் ஏரியில் படகு ஓட்டப் போய்க்கொள்ளலாம்.

நான் உங்களுக்குச் சொல்வது லாங்டாங். காத்மாண்டுவிலிருந்து ஸ்யாப்ருபேசி வரை சாலை வழி, உள்நாட்டு விமானம் தேவையில்லை. லுக்லாவில் மேகம் மூடி இரண்டு நாள் போச்சு என்ற கவலையும் இல்லை. ஸ்யாப்ருபேசி சுமார் 1500 மீட்டர். அங்கிருந்து ஆற்றோரமாகக் காட்டுக்குள் ஏறி, கடைசியில் பள்ளத்தாக்கு அகன்று கியாஞ்சின் கோம்பாவில் 3870 மீட்டரில் கொண்டுபோய் விடும். படி இருக்கிறது, ஆனால் அன்னபூர்ணா அளவுக்கு இல்லை. பெரும்பாலும் ஏறிக்கொண்டே போய் இறங்கிக்கொண்டே வருகிற பாதை. தலை வலித்தால் திரும்பி நடந்தாலே உயரம் குறையும்.

எல்லோரும் நடையின் இரண்டாம் நாள் லாமா ஹோட்டல் என்ற ஊரில் இருந்து லாங்டாங் கிராமத்துக்கு ஒரே மூச்சில் போகிறார்கள். 2400இல் இருந்து 3430க்கு. கைடும் அப்படித்தான் சொல்வார், ஏனென்றால் அவருக்கு அது பழகிய கணக்கு. நீங்கள் நடுவில் கோடாதபேலாவிலோ தங்ஷ்யாப்பிலோ ஒரு ராத்திரி தங்குங்கள். இதை கைடிடம் காத்மாண்டுவிலேயே பேசி முடித்துவிடுங்கள், வழியில் பேசினால் நடக்காது.

கணக்கு இப்படி வரும்: முதல் நாள் காத்மாண்டு. இரண்டாம் நாள் ஜீப்பில் ஸ்யாப்ருபேசி, ஏழெட்டு மணி நேரம் முதுகு உடையும். மூன்றாம் நாள் லாமா ஹோட்டல், நான்காம் நாள் தங்ஷ்யாப், ஐந்தாம் நாள் லாங்டாங் கிராமம், ஆறாம் நாள் கியாஞ்சின், அது காலை நடைதான். ஏழாம் நாள் கியாஞ்சின் ரி என்ற மேட்டில் ஏறி இறங்குவது. எட்டும் ஒன்பதும் கீழே, பத்தாம் நாள் காத்மாண்டு, பதினொன்று வீடு. பார்த்தால் தெரியும், இதில் உபரி நாள் கிடையாது. ஏழாம் நாளைத்தான் உபரியாக வைத்துக்கொள்ள வேண்டும். வழியில் மழையோ தலைவலியோ ஒரு நாளைத் தின்றால் ரி போச்சு என்று இப்போதே இருவரும் ஒத்துக்கொள்ளுங்கள். 4700 மீட்டருக்கு மேலே போகும் அந்த மேடு இல்லாமலும் கியாஞ்சினில் மலை தலைக்கு மேலேயே நிற்கும். லாங்டாங் லிருங் 7200 மீட்டருக்கு மேல், அதை அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். மனைவிக்கு முட்டி சரியில்லையென்றால் அன்று யாக் பாலாடைக்கட்டி செய்கிற இடத்தைப் பார்த்துக்கொண்டு வெயில் காயட்டும், நீங்கள் மட்டும் ஏறுங்கள்.

கிராமத்துக்குக் கொஞ்சம் முன்னால் பாதை ஒரு பெரிய கற்குவியல் மேல் போகும். 2015 ஏப்ரல் 25 நிலநடுக்கத்தில் மேலிருந்து பனியும் பாறையும் சரிந்து பழைய லாங்டாங் கிராமம் அதற்கு அடியில் போய்விட்டது. இப்போது இருப்பது பிறகு கட்டியது. லாட்ஜ் நடத்தும் பலர் வீட்டாரை அங்கே இழந்தவர்கள். அந்தக் கற்கள் மேல் உட்கார்ந்து பிஸ்கட் தின்று செல்ஃபி எடுக்காதீர்கள்.

முட்டிக்கு இப்போதே வேலை கொடுங்கள். ஏறுவதைவிட இறங்குவதைப் பழகுங்கள். உங்களுக்கு மருதமலைப் படி இருக்கிறது, ஐந்தாறு கிலோ பையோடு மெதுவாக இறங்கிப் பாருங்கள். வலி கூடிக்கொண்டே போனால் எலும்பு மருத்துவரைப் பார்த்த பிறகு டிக்கெட் போடுங்கள். ஆளுக்கு இரண்டு ஊன்றுகோல், இறங்கும்போது நீளத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும். ஒரு போர்ட்டர் வைத்துக்கொள்ளுங்கள். முதுகில் எட்டு கிலோ குறைந்தால் முட்டி உங்களை வாழ்த்தும்.

டயமாக்ஸ் பற்றி: அது உடம்பு பழகுவதற்கு உதவுகிற மாத்திரை. போட்டுக்கொண்டு வேகமாக ஏறலாம் என்பதற்கான அனுமதி கிடையாது. சல்பா மருந்து ஒவ்வாமை இருந்தால் கட்டாயம் மருத்துவரிடம் சொல்லுங்கள். தலைவலியோடு குமட்டல், சாப்பாடு வேண்டாமை வந்தால் அன்று மேலே ஏறுவது கிடையாது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு இரைத்தால் ராத்திரியானாலும் கீழே. "காலையில் பார்ப்போம்" என்கிறவர் பேச்சைக் கேட்காதீர்கள்.


கோவை_பிரபு:

அக்கா, மனைவியிடம் முழுசாகப் படித்துக் காட்டினேன். "ஏழாம் நாள் வெயில் காய்கிறேன்" என்று இப்போதே முடிவு செய்துவிட்டார். லாங்டாங்தான். இரண்டு கேள்வி மட்டும். தசரா சமயத்தில் அங்கே எல்லாம் மூடியிருக்குமா? அவர் பாஸ்போர்ட் காலாவதி ஆகிவிட்டது, ஆதார் போதுமா?


திருச்சி_ரைடர்:

அக்கா, கார்துங் லா போன அன்று நான் படுத்தது நுப்ராவில், ஹுண்டரில். கேட்டீர்களே என்று சொல்கிறேன்.


மேகமலை_மைனா:

ஹுண்டரா, அதுதான் தலைவலி வரவில்லை தம்பி.

பிரபு, நம் நவராத்திரியும் அவர்கள் தசைனும் ஒரே நாள்கள். நேபாளத்தில் அதைவிடப் பெரிய பண்டிகை இல்லை. காத்மாண்டுவில் இருப்பவர்கள் எல்லாம் சொந்த ஊருக்குக் கிளம்புவார்கள், நம் ஊர் தீபாவளி பஸ் கூட்டம்தான். சீசன் தொடங்கும் நேரம் என்பதால் மலைமேல் லாட்ஜ்கள் இருக்கும். சிக்கல் கைடும் போர்ட்டரும் ஜீப்பும்தான், அவர்களுக்கும் வீடு இருக்கிறது. பண்டிகையில் வர ஒத்துக்கொள்கிறவரை இரண்டு மாதம் முன்பே பேசி வைத்து, கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்துவிடுங்கள். அக்டோபர் தொடக்கமாக விழுந்தால் மழையின் வால் இருக்கும், ஸ்யாப்ருபேசி சாலையில் மண் சரிவும் இருக்கும். பண்டிகை மாத நடுவில் வருகிற வருடம் என்றால் அதிர்ஷ்டம்.

விமானத்தில் போக ஆதார் செல்லாது. பாஸ்போர்ட் இல்லையென்றால் வாக்காளர் அடையாள அட்டை போதும், விசா நமக்குத் தேவையில்லை. அட்டையில் இருக்கிற பெயரும் டிக்கெட்டில் போடுகிற பெயரும் எழுத்து மாறாமல் இருக்கட்டும், நம் ஆள்களுக்கு இனிஷியல்தான் எப்போதும் தகராறு. இன்சூரன்ஸ் எடுக்கும்போது 5000 மீட்டர் வரை நடைக்கும் ஹெலிகாப்டர் மீட்புக்கும் செல்லும் என்று பாலிசியிலேயே எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ஏஜென்ட் வாயால் சொல்வதை எடுத்துக்கொள்ள வேண்டாம்.