மலிவு பிஸ்டலை விற்கப் போன அனுபவம் இருந்தால் சொல்லுங்கள்

இரவுப்பறவை
மூணு வாரம் ஆச்சு, இன்னும் மனசை விட்டுப் போகல. 9 எம்.எம். தோட்டா போடுற பிஸ்டல், மலிவு ரகம், புதுசா வாங்கினது. 200 ரவுண்டுகூடச் சுட்டிருக்க மாட்டேன். பெட்டி, தோட்டா அடைக்கிற மேகசின் ரெண்டு, ரசீது எல்லாம் கையில. கடைக்காரர் பேரலுக்குள்ள வெளிச்சம் அடிச்சுப் பார்ப்பார்னு முந்தின நாள் ராத்திரி உக்காந்து துடைச்சு வெச்சிருந்தேன். அவர் காலியா இருக்கான்னு மட்டும் பார்த்தார். அப்புறம் ஸ்லைடில், அதான் மேலே முன்னும் பின்னும் நகர்ற இரும்புல, இருந்த கம்பெனி பெயரைப் படிச்சார். ஒத்தை விரலால என் பக்கமாத் தள்ளிவிட்டு, வாங்கின விலையில பாதிக்கும் கீழே ஒரு தொகை சொன்னார். பக்கத்துல நின்னவர் பழைய க்ளாக் 19 ஒண்ணை எடுத்து வெச்சார், பெரிய பெயர் உள்ள கம்பெனி பிஸ்டல். ஹோல்ஸ்டர் உறையில உரசி உரசி ஸ்லைடு ஓரமெல்லாம் வெளுத்துப் போயிருந்தது. அதை ரெண்டு கையாலயும் வாங்கினார் மனுஷன். என்னோடதுக்கு அந்த ஒத்தை விரல்தான். உங்க யாருக்காவது இப்படி நடந்திருக்கா?

செங்காந்தள்
எனக்கு அடி விழுந்தது பெயரால் அல்ல, எண்ணிக்கையால். என்னிடம் இருந்தது ஸ்மித் அண்ட் வெசன் கம்பெனியின் ஷீல்ட் பிஸ்டல், 2012-ல் வந்த மாடல். மேகசினில் 7 தோட்டா, நீள மேகசின் என்றால் 8. அந்தச் சின்ன உடம்புக்கு அவ்வளவுதான் கொள்ளும் என்று நாங்கள் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம். 2018-ல் சிக் சாவர் கம்பெனியின் பி365 வந்தது. ரேஞ்சில் நண்பர் புதிதாக வாங்கியதைக் காட்டி, எதிரே நின்று தோட்டா நிரப்பினார். எட்டு போனது. ஒன்பது. கட்டைவிரல் நகம் வெளுக்க அழுத்தினார், பத்தாவதும் போனது. துப்பாக்கி என்னுடையதைவிடச் சின்னது! அடுத்த வருடம் விற்கப் போட்டபோது பார்க்க வந்த மூன்று பேரும் ஒரே வாக்கியம்தான் சொன்னார்கள்: "அதில் பத்து போகுமே." 2021-ல் ஸ்மித் அண்ட் வெசனே பத்து கொள்ளும் ஷீல்ட் பிளஸ்ஸைக் கொண்டுவந்துவிட்டது. என் ஷீல்ட் ஒருநாளும் சிக்கியதில்லை. அதை யாரும் கேட்கவே இல்லை.

கணக்குப்பிள்ளை
இரவுப்பறவை சார், பாதி போச்சு என்பதை மட்டும் பார்க்காதீர்கள், எதில் பாதி என்று பாருங்கள். உங்களுடையது 100 என்று வையுங்கள். பெரிய பெயர் உள்ளது 300. அது ஐந்தில் ஒரு பங்குதான் இறங்கியது என்றாலும் போனது 60. உங்களுக்குப் போனது 50, 55. நானும் பெரிய பெயர் உள்ளது ஒன்று விற்றேன், கால்வாசி நஷ்டம், சந்தோஷமாகத்தான் வந்தேன். வீட்டில் கூட்டிப் பார்த்தபோதுதான் உறைத்தது.

கடைக்காரரையும் கோபித்துப் பயனில்லை. மலிவு ரகத்தில் புதியதே கைக்கு எட்டும் விலையில் இருக்கிறது. கொஞ்சம் கூடப் போட்டால் வாரண்டியோடு புதுசு கிடைக்கும்போது பழையதை யார் எடுப்பார்கள்? அதனால் பழையது ரொம்பவே இறங்கியாக வேண்டும். பதிவு எழுதும் வேலையும் சோதிக்கும் வேலையும் இரண்டுக்கும் ஒன்றுதான். விலை குறைந்ததில் அந்தக் கூலி பெரிதாகத் தெரியும்.

பனித்துளி
எல்லா மலிவும் ஒன்றல்ல. மகரோவ், 1951-ல் சோவியத் ராணுவம் எடுத்துக்கொண்ட பிஸ்டல். கிடங்குச் சரக்காகக் குவிந்து வந்த காலத்தில் சல்லிசாக வாங்கினேன். செம்பழுப்பு கிரிப் (கைப்பிடி), நடுவில் நட்சத்திரம், அதன் ஒரு முனை மட்டும் உடைந்திருக்கும். ஃபிரேம் என்கிற அடிச்சட்டத்திலும் ஸ்லைடிலும் ஒரே நம்பர். வாங்கின விலைக்கே விற்றுவிட்டேன், நஷ்டமில்லை என்று நினைத்தேன். அப்புறம் அந்தச் சரக்கு வருவது வற்றிப்போனது. சில வருடம் கழித்து ஒரு கண்காட்சி மேசையில் உடைந்த முனையோடு அதே நட்சத்திரம். கையில் எடுத்து நம்பர் பார்த்தேன். என்னுடையதேதான். விலைச் சீட்டில் நான் விற்றதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். மேசைக்காரரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, வைத்துவிட்டு நடந்துவிட்டேன்.

மழைக்கோடு
நான் விற்றது ஒரே ஒரு ரிவால்வர், பேரம் பேசாமல் போய்விட்டது. ஆனால் விற்பவர்கள் இதையெல்லாம் கவனியுங்கள். கிரிப்பில் சூட்டுக்கோல் வைத்துப் புள்ளி குத்தாதீர்கள், உங்கள் கைக்குச் சுகமாக இருப்பது வாங்குபவர் கண்ணுக்குக் காயம். ட்ரிகரை மாற்றியிருந்தால் பழையதைத் திருப்பிப் போட்டுவிட்டுக் கொடுங்கள், புதியதைத் தனியாக விற்கலாம். கழற்றிய ஒரிஜினல் ஸ்பிரிங், ஸ்க்ரூ எதையும் எறியாதீர்கள். கூடுதல் மேகசின் இருந்தால் சேர்த்துக் கொடுங்கள், சில மாடலுக்கு மேகசின் கிடைப்பதே கஷ்டம். ரப்பர் கிரிப்பைக் கழற்றி அடியில் பாருங்கள், வியர்வை இறங்கித் துரு பிடிப்பது அங்கேதான். கம்பெனி எப்போதாவது குறை என்று திரும்ப அழைத்த மாடலா என்று நம்பரை வைத்துப் பாருங்கள், சரிசெய்த தாளைப் பெட்டியிலேயே வையுங்கள். எல்லாவற்றுக்கும் மேலே, தெரிந்தவர்தானே என்று சும்மா கைமாற்றாதீர்கள். உங்கள் பகுதிச் சட்டப்படி பெயர் மாற்றி, நகல் வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு அந்த நம்பர் எங்கே அகப்பட்டாலும் முதலில் தட்டப்படுவது உங்கள் கதவு. கணக்குப்பிள்ளை இதையெல்லாம் 100, 300 என்று சுருக்கிவிட்டார், கணக்கு சரி, ஆனால் அந்த 50-ஐ 35 ஆக்குவது நம் கையில்தான் இருக்கிறது.

தெற்குவாசல்
தோட்டா அளவைப் பத்தி யாரும் பேசலையே. என்னோடது பாயிண்ட் 40, 9 எம்.எம்.-ஐவிடக் கொஞ்சம் பெரிய தோட்டா. அது 1990-ல வந்து அமெரிக்கப் போலீஸ்ல நல்லாப் பரவின அளவு. 2016-ல அமெரிக்க மத்தியப் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ. 9 எம்.எம். க்ளாக்குக்கு ஒப்பந்தம் போட்டாங்க, மத்த துறைகளும் ஒவ்வொண்ணா மாறினாங்க. நான் விற்கப் போன அன்னைக்குக் கடையில ஒரு தட்டு நிறைய போலீஸ்காரங்க திருப்பிக் கொடுத்த பாயிண்ட் 40. எல்லாம் நல்ல பெயர்தான். கடைக்காரர் என்னோடதைக் கையில வாங்கவே இல்லை, தட்டைத்தான் காட்டினார்.

இரவுப்பறவை
கணக்குப்பிள்ளை சொன்னதை ரெண்டு தடவை படிச்சேன். கணக்கு புரியுது சார். ஆனா எனக்கு உறுத்துறது தொகை இல்லை, அந்த விரல். விற்கலை, திரும்ப எடுத்துட்டு வந்துட்டேன். பனித்துளி, ஒண்ணு கேக்கணும்: அந்த மேசையில இருந்ததைத் திரும்ப வாங்கணும்னு தோணலையா?

பனித்துளி
தோன்றியது. வாசல்வரை போய்த் திரும்பி வந்தேன். மேசை காலியாக இருந்தது.